ஸ்லீவ் போட்டா எல்லாம் சரியாயிடுமா?

ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற கோபம். இறக்கி வெச்சாதான் தூக்கம் வரும் போல. டர்போ, இன்ஜின்னா அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம், தப்பா நினைக்க மாட்டேன்.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் நியூஜெர்சியில இருக்கான். ஹோண்டா சிவிக், கே20 இன்ஜின், அதுல டர்போ. ஆசைப்பட்டது 400 குதிரை சக்தி. மனுஷன் ஒரு வருஷம் வெளிய சாப்பிடாம காசு சேர்த்தான். பிளாக்கைக் கழட்டினதும் முதல் போன் எனக்குத்தான்.

"மாப்ள, இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான ஸ்லீவ் எதுடா?"

"உனக்கு ஸ்லீவ் எதுக்குடா?"

"ஆயிரம் குதிரை தாங்குமாம்டா. போட்டுட்டா ஆயுசுக்கும் கவலை இல்லைல்ல?"

போட்டான். மூணாவது தடவை ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போனப்ப கூலன்ட் பொங்கி வெளிய வந்துடுச்சு. ஹெட்டைக் கழட்டிப் பார்த்தா, ரெண்டாவது சிலிண்டர் ஸ்லீவ் 0.06 மி.மீ. கீழ இறங்கி உக்காந்திருக்கு. ஹெட் கேஸ்கட் காலி. ஸ்லீவ்ல ஒரு கீறல் கூட இல்லை. ஆயிரம் குதிரை தாங்கற ஸ்லீவ் ஆயிரம் குதிரை தாங்கற மாதிரியேதான் இருக்கு. இன்ஜின்தான் போச்சு.

என் கட்சி இதுதான்: "எது ஸ்ட்ராங்கான லைனர்?" என்பது தப்பான கேள்வி. "என் பிளாக்குக்கு லைனர் தேவையா, தேவைன்னா அதை எது பிடிச்சு வெச்சிருக்கும்?" என்பதுதான் கேள்வி. முதல் கேள்விக்கு விளம்பரத்துல பதில் இருக்கு. ரெண்டாவதுக்கு அளவெடுத்தாதான் பதில் கிடைக்கும்.

முதல்ல தேவையான்னு பார்ப்போம். டொயோட்டா 2ஜேஇஸட், நிஸான் ஆர்பி26, மிட்சுபிஷி 4ஜி63, இந்த மூணு பிளாக்குமே வார்ப்பிரும்பு. பிஸ்டன் நேரா பிளாக் இரும்புலயே ஓடுது. போர் பெருசாச்சுன்னா ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டா முடிஞ்சது கதை. சுவர்ல விரிசல் விட்டாலோ, இனி போர் அடிக்க இடமே இல்லைன்னாலோதான் ஸ்லீவ். நல்லா இருக்கற இரும்பு பிளாக்கைக் குடைஞ்சு ஸ்லீவ் போடறது, நல்ல பல்லைப் பிடுங்கிட்டு தங்கப்பல் கட்டற கதை.

அலுமினிய பிளாக்ல விஷயம் வேற. கே20ல வார்க்கும்போதே இரும்பு லைனரை உள்ள வெச்சு அலுமினியத்தை ஊத்தறாங்க. ரெண்டும் நல்லா கவ்விக்கும், லைனர் சூடு தடையில்லாம அலுமினியத்துக்குப் போகும். இதோட பலவீனம் மேல்பக்கம். ஓப்பன் டெக், அதாவது சிலிண்டரோட மேல் விளிம்பைச் சுத்தி தண்ணி ஓடற பள்ளம். விளிம்பைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. அழுத்தம் ஏறினா சிலிண்டர் தலை அசையும், கேஸ்கட் தேயும்.

எவ்வளவு அழுத்தம்? சின்னக் கணக்கு. 86 மி.மீ. போர், உச்ச அழுத்தம் 120 பார்னு வெச்சுக்குவோம். பிஸ்டன் தலையில விழற சுமை சுமார் 7 டன். சுவருக்கு: 12 மெகாபாஸ்கல் பெருக்கல் ஆரம் 43, வகுத்தல் சுவர் தடிமன். பின்னாடி அலுமினியம் தாங்கவே இல்லைன்னு எடுத்துக்கிட்டா, 2.5 மி.மீ. சுவர்ல 206 மெகாபாஸ்கல், 5 மி.மீ. சுவர்ல 103. சாதா கிரே அயர்ன் இழுவிசையில தாங்கறது 200லேர்ந்து 300 வரை. லைனருக்குப் பயன்படுத்தற டக்டைல் அயர்ன்ல 80-55-06 கிரேடு 550க்குப் பக்கத்துல, 100-70-03 கிரேடு 690 கிட்ட.

"பாத்தியா, அப்போ டக்டைல்தானே பெஸ்ட்டு?"னு கேப்பீங்க. அவசரப்படாதீங்க. அந்த நம்பர் உடையறதுக்கானது. பெரும்பாலான இன்ஜின் சுவர் உடைஞ்சு சாகறதில்லை. போர் வட்டம் கெட்டு, ரிங் சீல் ஆகாம, கேஸ் கீழ கசிஞ்சு சாகுது. வட்டத்தைக் காப்பாத்தறது விறைப்பு. அதுல டக்டைல் அயர்ன் சுமார் 170 கிகாபாஸ்கல், கிரே அயர்ன் 100லேர்ந்து 130. வித்தியாசம் இருக்கு, ஆனா பலத்துல இருக்கற மாதிரி ரெண்டு மூணு மடங்கு இல்லை. விறைப்புல மிச்சத்தை சுவர் தடிமனும் டெக் தாங்கற விதமும்தான் கொடுக்கணும். இது எந்த பிராண்டு பெட்டிக்குள்ளயும் வராது.

தடிமனை இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது. கே சீரீஸ்ல ஒரு சிலிண்டர் மையத்துலேர்ந்து அடுத்ததுக்கு 94 மி.மீ. 86 மி.மீ. போர்னா நடுவுல இருக்கறதே 8 மி.மீ.தான். ரெண்டு லைனர் சுவர், அலுமினியம் எல்லாம் அந்த எட்டுக்குள்ளதான் குடும்பம் நடத்தணும். போரையும் பெருசாக்கி லைனரையும் தடியாக்கணும்னு ஆசைப்பட்டா கூழும் வேணும் மீசையும் வேணும்னா எப்படி?

அடுத்தது நண்பனைக் கவுத்த விஷயம். அலுமினியம் சூட்டுல இரும்பை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். 90 மி.மீ. வெளிவிட்டமுள்ள லைனர், ரெண்டும் 80 டிகிரி ஏறுதுன்னா, ஓட்டை லைனரை விட சுமார் 0.07 மி.மீ. அதிகமா விரியும். குளிர்ல 0.05 இறுக்கத்துல அடிச்சு உள்ள விட்டிருந்தா அந்த இறுக்கம் மொத்தமும் போச்சு. லோடுல லைனர் கூடுதலா சூடாறதால கொஞ்சம் திரும்பி வரும், சரி. ஆனா இறுக்கத்தை மட்டும் நம்பி இருக்க முடியாதுங்கறதுதான் பாயிண்ட். லைனரோட தோள் பிளாக்ல வெட்டின படியில முழுசா உக்காந்திருக்கணும். படிக்கும் தோளுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா, ஹெட் போல்ட் மேலேர்ந்து அழுத்தும், சூட்டுல பிடி தளரும், லைனர் மெதுவா இறங்கும். நண்பனுக்கு நடந்தது அட்சரம் பிசகாம இதுதான். படி வெட்டினது சரியில்லை. அளந்தும் பார்க்கலை.

நம்ம ஊர் லாரிப் பட்டறையில டீசல் இன்ஜினுக்கு வெட் லைனர் மாத்தறதைப் பார்த்திருக்கீங்களா? நல்ல மெக்கானிக் லைனரை இறக்கினதும் டயல் கேஜ் வெச்சு, பிளாக் மட்டத்துக்கு மேல எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு நாலு பக்கமும் பார்ப்பார். சரியில்லைன்னா வெளிய எடுத்து, உக்கார்ற இடத்தைச் சுத்தம் பண்ணி, திரும்பப் போட்டு, திரும்பப் பார்ப்பார். அப்புறம்தான் ஹெட். அவர்கிட்ட கலர் கலரா பிரவுச்சர் கிடையாது. அந்தப் பத்து நிமிஷம் நண்பனோட இன்ஜினுக்குக் கிடைக்கலை. காசு மட்டும் லாரி இன்ஜினை விட ஜாஸ்தி.

"அதிக பலம் இருந்தா இன்சூரன்ஸ் மாதிரிதானே, என்ன நஷ்டம்?" என்பதுதான் எதிர்க்கட்சியோட பெரிய வாதம். நஷ்டம் இருக்குங்க. நல்லா கவ்வியிருந்த ஃபேக்டரி லைனரைக் குடைஞ்சு எடுத்துட்டுத்தான் இதைப் போடறீங்க. அலுமினியம் குறையுது, சூடு கடத்தற அந்த ஒட்டுதல் போகுது, எல்லாமே இனிமே ஒரு மிஷினிஸ்ட்டோட கையில. நல்ல ட்யூனிங்கோட 400 குதிரையை ஒரிஜினல் லைனர்லயே ஓட்டற கே சீரீஸ் வண்டிங்க நிறைய இருக்கு. நண்பன் அந்தக் காசை இன்ஜெக்டர், பெரிய இன்டர்கூலர், டைனோவுல ஒரு முழு நாள் ட்யூனிங்னு செலவு பண்ணியிருந்தா இன்னிக்கு வண்டி ஓடிட்டு இருக்கும். டெட்டனேஷன் வந்தா டக்டைலும் காப்பாத்தாது. முதல்ல பிஸ்டன் ரிங் லேண்ட் தெறிக்கும்.

அப்போ ஸ்லீவே வேண்டாமா? வேணும். அலுமினிய ஓப்பன் டெக்ல 700, 800 குதிரைன்னு போறவங்களுக்குக் கட்டாயம் வேணும். அப்பவும் மேல் ஃபிளேஞ்ச் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னு டெக்கை மூடற டிசைனா பாருங்க. 2007ல வந்த நிஸான் ஜிடி-ஆரோட விஆர்38ல லைனரே இல்லை, அலுமினியத்து மேல 0.15 மி.மீ. பிளாஸ்மா பூச்சுதான். சூடு கடத்தறதுல அதுக்கு இணை இல்லை. அதையும் எக்கச்சக்க பவருக்காக குடைஞ்சு ஸ்லீவ் போடறாங்க. அது பேராசைக்குக் கொடுக்கற விலை, தெரிஞ்சே கொடுக்கறாங்க. தப்பில்லை.

போடறதுன்னு முடிவு பண்ணிட்டா மிஷின் ஷாப்ல மூணே கேள்வி கேளுங்க. படியில உக்கார்றதை எப்படி அளப்பீங்க? ஸ்லீவ் போட்டப்புறம் டெக்கை மட்டம் பண்ணுவீங்களா? டார்க் பிளேட் மாட்டி, ஹெட் போல்ட் இறுக்கின நிலையில ஹோனிங் பண்ணுவீங்களா? மூணுல ஒண்ணுக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா, பிளாக்கைத் தூக்கிட்டு திரும்பிப் பார்க்காம நடங்க.

நண்பன் நேத்து மறுபடி போன் பண்ணான். வேற பிளாக் வாங்கிட்டானாம். எந்த ஸ்லீவ்னு கேக்கலை. "டயல் கேஜ் எதுடா நல்லது?"ன்னு கேட்டான். வயித்துல பால் வார்த்தான் பாவி.

டிஸ்கி: மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டற ஆளு நான். கணக்குல தப்பு இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, திருத்திக்கறேன். "ஸ்ட்ராங்கான ஸ்லீவ் எது பாஸ்?"னு மட்டும் கேட்டுடாதீங்க, அழுதுடுவேன்.