வசூலும் சுவையும் விமர்சனமாகா

ஒரு திரைப்படம் வெற்றி பெற்றதா என்ற வினாவுக்கு ஒரு சாரார் வசூற் கணக்கைக் காட்டுவர்; மறுசாரார் தமது சுவையைக் காட்டுவர். இரண்டும் விமர்சனத்தைத் தட்டிக்கழிக்கும் வழிகளே.

1956இல் வெளிவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' கலையகச் சுவர்களை விட்டு வெளியேறி, கிராமத்து வாழ்வை அதன் இயற்கைச் சூழலிலேயே படமாக்கியது. 1957இல் கான் விழாவிலே திரையிடப்பட்ட அப்படம் உள்நாட்டில் வசூலிலே தோற்றது. வசூலே தீர்ப்பெனின், சிங்களச் சினிமாவின் திருப்புமுனை எனக் கருதப்படும் படைப்பு வெறுந் தோல்வியாகிவிடும். நுழைவுச்சீட்டு படம் பார்க்குமுன் வாங்கப்படுவது. அது ஆவலின் சான்றேயன்றி மதிப்பீட்டின் சான்றன்று. நெடுநாள் ஓட்டம் விருப்பைக் காட்டலாம். அவ்விருப்பின் காரணத்தைக் காட்டாது.

எனினும், 'எனக்குப் பிடித்தது' என்பதும் வாதமாகாது. தனிமனித சுவை வானத்திலிருந்து வீழ்வதன்று. கல்வியும் வர்க்கமும் பழகிய படங்களும் அதனை உருவாக்குகின்றன. மக்கள் திரள்வதாலேயே ஒரு படத்தை இழித்துரைக்கும் 'உயர்ரசனை'யும் அத்தகைய பழக்கமே. சுவை விமர்சனத்தின் தொடக்கம், முடிவன்று.

படம் எதைச் சொல்ல முனைந்தது, எவ்வாறு சொன்னது, எவருடைய வாழ்வை எவ்வளவு உண்மையுடன் காட்டிற்று என்பவற்றைப் படத்திலிருந்தே நிறுவுதல் வேண்டும். பிறர் ஆராய்ந்து மறுக்கக்கூடிய காரணங்களை முன்வைக்காத தீர்ப்பு, ஆயிரவர் கூறினும் ஒருவர் கூறினும், விமர்சனமாகாது.