காய்ச்சல் தணிந்தால் போதுமா?

காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அதிகம், அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்லீரலுக்குள் ஒரு குழி. இவை சேர்ந்து வந்தால் மருத்துவர் முதலில் நினைப்பது சீழ்க்கட்டியைத்தான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அமீபாவால் வரும் சீழ்க்கட்டி நம் நாட்டில், குறிப்பாகக் குடிப்பழக்கம் உள்ள ஆண்களிடம், அரிதல்ல. ஆனால் கல்லீரல் புற்றுநோயும் சில சமயம் இதே அறிகுறிகளோடு வரும். வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதி ரத்தம் போதாமல் அழுகி நீர்த்துவிடும். கிருமியே இல்லாமல் காய்ச்சல் அடிக்கும், வெள்ளை அணுக்களும் ஏறும். அழுகிய இடத்தில் கிருமி சேர்ந்துவிட்டாலோ சிக்கல் இன்னும் கூடும். ஊசி குத்தி உறிஞ்சினால் வருவது அசல் சீழ். ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சலும் இறங்கும். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், புற்று உள்ளேயே இருக்கும்.

முதல் நாளே சீழ்க்கட்டிக்கு மருந்து தொடங்குவதை நான் குறை சொல்லவில்லை. தாமதித்தால் கட்டி உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சல் தணிந்ததையே நோய் இன்னதென்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. அமீபா கட்டியாக இருந்தால் மெட்ரோனிடசோல் தொடங்கிய மூன்று முதல் ஐந்து நாட்களில் முன்னேற்றம் தெரிய வேண்டும். தெரியாதபோதும், எடை குறைந்துகொண்டே போகும்போதும், புற்றுக்கு வழிவகுக்கும் ஹெபடைடிஸ் பி அல்லது கல்லீரல் சுருக்கம் இருக்கும்போதும் மருந்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது போதாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசுத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் விரிந்தது 2011-இல்தான். இன்று நடுவயதில் இருப்பவர்களில் பலர் அதைப் போட்டுக்கொள்ளாதவர்கள். தங்கள் ரத்தத்தில் அந்த வைரஸ் இருப்பதே அவர்களில் சிலருக்குத் தெரியாது.

எல்லோரையும் புற்றுநோய்ப் பயத்தில் தள்ளி, ஏழைகளைச் செலவில் இழுத்துவிடுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குணமான சீழ்க்கட்டியின் குழிகூட ஸ்கேனில் மாதக்கணக்கில் தெரியும். அதைப் பார்த்துப் பதறி ஊசி குத்திச் சதை எடுப்பதும் தவறு. அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளை எல்லோருக்கும் செய்துவிடலாம், பெரிய செலவில்லை. சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் சோதனையும், மருந்து செலுத்தி ரத்த ஓட்டத்தைக் கட்டம் கட்டமாகப் படமெடுக்கும் சிடி ஸ்கேனும். அந்தப் புரோட்டீன் அளவு சரியாக இருந்தாலும் நிம்மதியடைய முடியாது. கல்லீரல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது உயர்வதில்லை. சந்தேகம் இல்லாத மற்றவர்களுக்கு, சில வாரங்கள் கழித்து ஒரு சாதாரண ஸ்கேன் போதும்: குழி சுருங்குகிறதா, வளர்கிறதா? ‘தேவைப்பட்டால் வரவும்’ என்று எழுதி அனுப்பாமல், அந்த ஸ்கேனுக்கான தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே குறித்துக் கொடுக்கலாம்.