இறந்த பாடகியைப் பேச வைக்கலாமா?

இறந்து 30 ஆண்டு ஆன பாடகி, மேடையில் தோன்றிப் பாடினார்!

நடந்தது ஜப்பானில். 2019-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு.

வருடத்தின் கடைசி இரவில் குடும்பத்தோடு டெலிவிஷன் முன் உட்கார்ந்து பாட்டு நிகழ்ச்சி பார்ப்பது அந்த நாட்டு வழக்கம். அன்று திரையில் வந்தவர் மிசோரா ஹிபாரி. அதே முகம். அதே குரல். ஆனால் அவர் 1989-ம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்!

பாடியது எந்திரம். ஹிபாரியின் பழைய இசைத்தட்டுகளில் இருந்து அவருடைய குரலைக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டர், அவர் ஒரு நாளும் பாடாத புதுப் பாட்டு ஒன்றைப் பாடியது. பாடியதோடு நிற்கவில்லை. பாட்டின் நடுவே பேசவும் செய்தது. ரசிகர்களிடம் நலம் விசாரித்தது. இத்தனை காலமும் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னது.

வயதான ரசிகர்கள் பலர் அழுதுவிட்டார்கள். வேறு சிலருக்கோ ஆத்திரம் வந்தது. "இறந்தவரை அவமதிப்பதா?" என்று கேட்டார்கள்.

யார் சொல்வது சரி? அந்த அம்மாளின் சோகப் பாட்டுகளை அறிந்தவர்களுக்கு விடை கிடைக்கும்.

மணி அடிக்கவில்லை

ஹிபாரி 1937-ம் ஆண்டு யோக்கோஹாமா துறைமுக நகரில் பிறந்தவர். தகப்பனார் மீன் கடைக்காரர். "ஹிபாரி" என்றால் வானம்பாடி. அது மேடைக்காக வைத்த பெயர்.

1946-ம் ஆண்டு. போரில் தோற்று ஜப்பான் பசியில் கிடந்த நேரம். என்.எச்.கே. வானொலி பாட்டுப் போட்டிக்கு 9 வயதுச் சிறுமி ஹிபாரி போனாள். நன்றாகப் பாடினால் மணி அடிப்பார்கள். அவள் பாடி முடித்தும் மணி அடிக்கவில்லை. பாட்டில் குறை இல்லையாம். குழந்தை பெரியவர்களைப் போலப் பாடுவதுதான் குறையாம்! நல்ல வேடிக்கை.

போரில் தகப்பனை இழந்த குழந்தைகள் அன்று வீதி வீதியாக அலைந்தார்கள். பெரியவர்களின் துக்கம் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. பாட்டு மட்டும் வரக்கூடாதா?

ஆப்பிள் பூ

1952-ம் ஆண்டு வந்தது "ஆப்பிள் ஒயிவாக்கே" என்ற பாட்டு. "ஒயிவாக்கே" என்பது பொதிக்குதிரை ஓட்டிகள் வழிநெடுகப் பாடிய நாட்டுப்பாட்டு மெட்டு. குரலை நீட்டி, இழுத்து, மலையில் எதிரொலிப்பது போலப் பாட வேண்டும். ஆப்பிள் விளையும் வடநாட்டில், தாயை இழந்த ஒரு பெண் பூ உதிர்வதைப் பார்த்து ஏங்குகிறாள். இதுதான் பாட்டு.

பாட்டின் நடுவே மெட்டு நிற்கிறது. அந்தப் பெண் தன் ஊர்ப் பேச்சிலேயே சில வார்த்தை பேசுகிறாள். அப்போது ஹிபாரிக்கு 15 வயது கூட நிரம்பியிருக்குமோ என்னவோ. கேட்டவர்களுக்கு நெஞ்சு அடைத்தது.

1966-ல் வந்த "சோக மது"விலும் இப்படித்தான். காதலனைப் பிரிந்த ஒருத்தி தனியே உட்கார்ந்து குடிக்கிறாள். இதை முதலில் வேறு ஒருவர் பாடினார். எடுபடவில்லை. ஹிபாரிக்கு வந்த பிறகு நடுவே பேச்சையும் சேர்த்தார்கள். மேடையில் அதைப் பாடும்போது அவர் கண்ணில் நீர் வழியும். குரல் மட்டும் தடுமாறாது. அழுதுகொண்டே சுருதி பிசகாமல் பாடிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்! அவர் பாடிய சோகப் பாட்டுகளில் இதுவே முதல் இடத்துக்கு உரியது. "ஆற்றின் ஓட்டத்தைப் போல" என்ற கடைசிக் காலப் பாட்டுக்கே அந்த இடத்தை ஜப்பானில் பலர் கொடுப்பார்கள். கொடுக்கட்டும்.

அழுகை சும்மா வந்ததல்ல. அவர் கல்யாணம் 2 ஆண்டில் முறிந்தது. நிழல் போல் கூடவே இருந்த தாயார் 1981-ல் இறந்தார். பின்னால் இரண்டு தம்பிகளும், ஒருவர் பின் ஒருவராக, 42 வயதிலேயே போனார்கள். 1987-ல் அவரே படுத்த படுக்கையானார். ஈரலில் நோய். இடுப்பு எலும்பிலும் நோய். நடப்பதே பெரும்பாடு. அப்படியும் 1988 ஏப்ரலில் டோக்கியோவில் 50 ஆயிரம் பேர் முன்னிலையில் பாடினார். ஆம்புலன்ஸ் வண்டி தயாராக நின்றது. கடைசிப் பாட்டு முடிந்ததும் நீண்ட மேடைப் பாதையில் தாமே நடந்து போனார். அடுத்த ஆண்டு ஜூன் 24-ந் தேதி, 52 வயதில் உயிர் பிரிந்தது.

யார் சொன்ன பேச்சு?

"ஆப்பிள் பாட்டின் பேச்சும் வேறு ஒருவர் எழுதிக் கொடுத்ததுதானே? எந்திரத்துக்கும் எழுதித்தானே கொடுத்தார்கள்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

எழுதிக் கொடுத்ததைப் பேசலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம் என்ற நிலையில் அப்போது ஹிபாரி இருந்தார். அவர் சொன்னதைச் செய்யும் பொம்மையும் அல்ல. "ஆற்றின் ஓட்டத்தைப் போல" பாட்டைத் தனித்தட்டாக வெளியிடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரே அவர்தான். 2019-ல் அவருடைய வளர்ப்பு மகன் சம்மதம் கொடுத்தார். உண்மை. இசைத்தட்டை விற்க மகன் சம்மதிக்கலாம். வீட்டைக் காட்சிசாலை ஆக்கவும் சம்மதிக்கலாம். தாய் சொல்லாத வார்த்தையைத் தாய் சொன்னதாக்க மகனுக்கும் உரிமை கிடையாது.

எந்திரம் பாடியதையாவது ஒரு வித்தை என்று விட்டுவிடலாம். "உங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்" என்று அது பேசியதுதான் தவறு. பார்த்துக்கொண்டிருந்தது யார்? கேட்டு அழுத கிழவிகளின் கண்ணீர் நிஜம். அந்தக் கண்ணீருக்குக் கிடைத்த பதில் நிஜமில்லை.

ஃபுக்குஷிமா கடற்கரையில் ஷியோயா முனை என்று ஓர் இடம். மேலே கலங்கரை விளக்கு. கீழே ஹிபாரியின் பாட்டுக்கு ஒரு நினைவுக்கல். ஆள் பக்கத்தில் போனால் பாட்டு தானாகக் கேட்கும். இதுவும் எந்திரம்தான். ஆனால் கேட்பது, 1987-ல் நோயிலிருந்து எழுந்து வந்து அவரே பாடிக் கொடுத்த "கலைந்த கூந்தல்". பாட்டு முடிந்ததும் எந்திரம் நின்றுவிடும். பிறகு அலைச் சத்தம்தான்.