அம்பாசிடரை அறுக்கலாமா?



ஆண்டு மலர் என்றால் வரதட்சணை ஒழிய வேண்டும், மரம் நட வேண்டும், வேலையில்லாத் திண்டாட்டம் தீர வேண்டும் என்று நான்கு கட்டுரை வரும். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் மூன்று வருஷம் ஸ்பேனரும் அரமும் பிடித்த நாம், நம் கைத்தொழில் சம்பந்தமான ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லாமல் வெளியே போனால் எப்படி? அதனால் இந்தப் பக்கத்தில் ஒரு பழைய கார் சண்டை.

சண்டை இதுதான். நாற்பது ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்து, நன்றாகப் பராமரிக்கப்பட்டு, கம்பெனியில் அடித்த பெயிண்ட், சீட், இன்ஜின் எல்லாம் அப்படியே இருக்கிற ஓர் அம்பாசிடரோ ஃபியட்டோ கிடைக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்வதா? இல்லை, புது இன்ஜின், ஏ.சி., அலாய் வீல், பவர் ஸ்டியரிங் என்று 'மாடிஃபை' செய்வதா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெடாத வண்டியை அறுக்கக் கூடாது. கெட்டுப்போன வண்டியை உங்கள் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் இந்தச் சண்டை தீராமல் கிடக்கிறது.

எதிர்க்கட்சி சொல்வதையும் கேட்போம். "மச்சான், கார் ஓட்டறதுக்கா, பூஜை பண்றதுக்கா? நாலு வீல்லயும் டிரம் பிரேக்கை வெச்சுக்கிட்டு பெங்களூர் ரோட்டுல போய்ப் பாரு, அப்ப தெரியும். ஏ.சி. இல்லாம சித்திரை மாசம் உக்கார முடியுமா? அதோட, அம்பாசிடரே ஒரிஜினல் இல்லடா, இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தானே கொண்டாந்து பண்ணாங்க!"

சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு என்பது உண்மை. கம்பெனியே அதை மாற்றிக்கொண்டேதான் வந்தது. 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4, 1990-ல் நோவா, அதன்பிறகு இசுசூ 1.8 லிட்டர் இன்ஜின் என்று, 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும்வரை மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. அந்த வருஷம் நம் நாட்டில் என்ன இரும்பு கிடைத்தது, என்ன இறக்குமதி செய்ய விட்டார்கள், எந்த இன்ஜினைச் செய்யத் தெரிந்திருந்தது என்பதெல்லாம் அந்தக் காரிலேயே எழுதியிருக்கிறது. மார்க் 2-ன் முகத்தைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டினால் அந்த எழுத்து அழிகிறது.

இன்னொன்று. ஹேண்ட் கியர் வேண்டாம், ஃப்ளோர் கியர் வேண்டும், ஐந்து கியர் வேண்டும், இழுவை வேண்டும் என்கிறவர்களுக்காகக் கம்பெனியே 1990-களில் இசுசூ இன்ஜின் போட்ட அம்பாசிடரைச் செய்து விற்றது. அதையே தேடி வாங்கிக்கொள்ளலாமே! 1489 சி.சி. பழைய பெட்ரோல் இன்ஜின் சத்தமில்லாமல் ஓடுகிற ஒரு மார்க் 2 வண்டியை ஏன் வயிறு கிழிக்க வேண்டும்?

இனி டெக்னிக்கலாகப் பார்ப்போம். அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்கும் மோனோகாக் அமைப்பு. முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு அதைவிடக் கனமான டீசல் இன்ஜினை இறக்கினால் என்ன ஆகும்? மூக்குப் பக்கம் தாழும். டார்ஷன் பாரை ஏற்றி வைக்க வேண்டும். இன்ஜின் மவுண்டிங் புதிதாக வெல்டு வைக்க வேண்டும். கியர் பாக்ஸ் நுழையவில்லை என்றால் தரைத் தகட்டை வெட்ட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளத்தை மாற்ற வேண்டும், மாற்றினால் பேலன்ஸ் பார்க்க வேண்டும். வேகம் கூடும், பிரேக் மட்டும் பழைய பிரேக்காகவே இருக்கும். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் பாஸ் ஆன நமக்கே தெரியும், பாரம் தாங்குகிற தகட்டில் கணக்குப் போடாமல் ஓட்டை போடக் கூடாதென்று. கணக்குப் போட்டா கேஸ் கட்டரைப் பற்றவைக்கிறார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. கைலாசநாதர் கோயிலுக்குப் போய் நில்லுங்கள். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் ராஜசிம்மன் கட்டியது. மணற்கல். பிற்காலத்தில் நல்லெண்ணத்தோடுதான் பூச்சு மேல் பூச்சாகப் பூசினார்கள். கோயிலைக் கெடுக்க வேண்டும் என்று யாரும் பூசவில்லை. ஆனால் அந்தப் பூச்சுக்குள் பல்லவர் காலத்து ஓவியம் மறைந்துகிடந்தது. 1931-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை உலகத்துக்கே தெரியாது. மேலே பூசினதாவது பரவாயில்லை, அடியில் இருந்தது ஓரளவு தப்பித்தது. வேறு பல கோயில்களில் அழுக்குப் போக வேண்டும் என்று மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்தார்கள். அழுக்கோடு சேர்ந்து கல்வெட்டு எழுத்தும் தேய்ந்து போயிற்று. தேய்ந்த எழுத்தை யார் திரும்ப வெட்டித் தருவது?

பூசுவதற்கும் தேய்ப்பதற்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் என் வாதத்தின் அச்சாணி. திரும்ப எடுக்கக்கூடிய மாற்றம் வேறு, திரும்ப எடுக்க முடியாத மாற்றம் வேறு.

பட்டிலும் இதே கதைதான். பழைய ஜரிகைச் சேலையை எடைபோட்டு வாங்கி, எரித்து, வெள்ளியைப் பிரிக்கிறார்கள். கிழிந்து நைந்த சேலை என்றால் சரி, வேறு கதி இல்லை. ஆனால் பெட்டியில் கசங்காமல் இருக்கிற பாட்டி காலத்துக் கோர்வைச் சேலையையும் எடைக்குப் போட்டால்? வெள்ளி கிடைக்கும், கோர்வை கிடைக்காது. அந்தக் காலத்து 'அடை' கட்டி நெய்த வேலையை இன்று ஜக்கார்டு பெட்டி வந்த தறியில் பார்க்க முடியாது. ஜக்கார்டு வந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அது வந்ததால் நெசவாளிக்குச் சிரமம் குறைந்தது. புதுச் சேலையைப் புது முறையில் நெய்யுங்கள். பழைய சேலையை வெட்டிப் புதுச் சேலை ஆக்காதீர்கள். காருக்கும் அதேதான்.

இப்போது நம் பக்கத்து விஷயம் ஒன்று. நம் ஊரிலிருந்து வாலாஜாபாத், ஒரகடம் வழியாகப் போனால் வண்டலூர். அந்தப் பக்கம்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1961 முதல் ஹெரால்டு கார், பிறகு கேஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. 1988-ல் உற்பத்தி நின்றுவிட்டது. இதில் ஒரு செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவு வண்டிதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டைச் செய்தது நம் சென்னைக்காரர்கள்! ஆக, இங்கே ஒரு நான்கு கதவு ஹெரால்டின் கதவை வெட்டிப் போட்டால், அதற்கு ஈடு லண்டனில் தேடினாலும் கிடையாது. புதுப்பேட்டையில் அலைந்தாலும் அதிர்ஷ்டம் இருந்தால்தான் உண்டு.

1988-ல் போனது ஸ்டாண்டர்டு மட்டும்தானா? மறைமலை நகரில் 1999 முதல் கார் செய்த ஃபோர்டு, 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை விடுவதாக அறிவித்து, 2022-ல் இங்கே உற்பத்தியை நிறுத்தியது. மாருதி 800 வருவது 2014-ல் நின்றது. இன்றைக்கு "பழைய டப்பா" என்று நாம் சிரிக்கிற வண்டிதான் நாளைக்கு ஹெரால்டு. தொழிற்சாலை மூடினால் டிராயிங் போய்விடும், டை போய்விடும், செய்த ஆட்கள் சிதறிப் போவார்கள். கடைசியில் மிஞ்சுகிற ஒரே டிராயிங் அந்த வண்டிதான். அளவெடுக்க வேண்டுமென்றால் அதில்தான் எடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புக்கில் இருக்கிற, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அரசு அனுமதிக்கிற வகைகளுக்கு மட்டும் விலக்கு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 50 வருஷம் தாண்டிய இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள், ஒரிஜினல் வடிவத்திலேயே இருந்தால், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனிப் பதிவு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். மறுபதிவு 5,000 ரூபாய். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான். அறுத்த வண்டிக்கு இந்தக் கதவு சாத்தியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெல்டிங்கில் ஐம்பது வருஷத் தகுதி போய்விடும்!

"அப்ப கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடலாமா?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம். 1979-க்குப் பிறகு 2019-ல் எழுந்தருளிய அத்திவரதருக்குத் தண்ணீருக்குள் இருக்கத் தெரியும். காருக்குத் தெரியாது. ஓடாத காரில் ரப்பர் சீல் இறுகும், வீல் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், டேங்கில் துரு ஏறும். பழைய காருக்கு முதல் மருந்து ஓட்டுவதுதான். ஓட்டுவதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

அதனால் பட்டறைக்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

முதலாவது, தேய்கிற பொருளை மாற்றத் தயங்க வேண்டாம். டயர், பிரேக் லைனிங், ஹோஸ், ஒயரிங், பெல்ட் எல்லாம் தேய்வதற்கென்றே செய்தவை. நைந்துபோன ஒயரை 'ஒரிஜினல்' என்று விட்டுவைத்துத் தீப்பிடித்தால் வண்டியே மிஞ்சாது.

இரண்டாவது, சேர்ப்பதெல்லாம் போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டும். சீட் பெல்ட், ஹெட்லைட்டுக்கு ரிலே, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர், பழைய ஓட்டையிலேயே உட்காருகிற டிஸ்க் பிரேக் என்றால் சம்மதம். புது ஓட்டை, வெட்டு, வெல்டு என்றால் கையை எடு.

மூன்றாவது, கழற்றினதைத் தூக்கி எறியாதே. சீட்டு எழுதிக் கட்டி, எண்ணெய் தடவி, ஓனர் கையில் கொடு. காயலாங்கடைக்குப் போன டைனமோ திரும்பி வராது.

நான்காவது, கை வைக்கும் முன்பு போட்டோ எடு, அளவு எழுது. கம்பெனி பெயிண்ட் மங்கியிருந்தாலும் சுரண்டிப் பட்டி போட்டுப் புதுசாக்க அவசரப்படாதே. பாலீஷ் போதுமா என்று பார்.

ஐந்தாவது, பாதிக்கு மேல் துருப்பிடித்தது, இன்ஜின் இல்லாமல் தோப்பில் கிடப்பது, விபத்தில் நசுங்கியது போன்ற வண்டிகளை எடுத்து உங்கள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. அனுமதியோடு எலக்ட்ரிக் கிட்கூடப் போட்டுப் பாருங்கள். அங்கேதான் மாடிஃபிகேஷன் என்பது நல்ல இன்ஜினியரிங். செத்ததைப் பிழைக்க வைப்பதுதான் வித்தை.

இந்தக் கட்டுப்பாடு காருக்கு மட்டும் இல்லை. நம்மில் யாரிடம் கார் இருக்கிறது? பைக்தான் இருக்கிறது. மாமா ஓட்டிய ஆர்.எக்ஸ். 100, மைசூரில் செய்த யெஸ்டி, திருவொற்றியூர் புல்லட். ஆர்.எக்ஸ். 100 வருவது 1996-லேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சைலன்சரை அறுத்தவர்கள், போர்ட்டைக் குடைந்தவர்கள், பின் மட்கார்டை வெட்டியவர்கள் எத்தனை பேர்! இன்றைக்கு அதே ஆட்கள் ஒரிஜினல் சைலன்சருக்குக் கேட்ட விலை கொடுத்துத் தேடுகிறார்கள்.

ஓனர் ஆசைப்பட்டுத்தானே கேட்கிறார், நாம் என்ன செய்வது என்று நீங்கள் நினைக்கலாம். நண்பர்களே, ஓனர் கேட்பார். அறுக்கிற கை யாருடையது? நம்முடையது! நாளைக்கு நம்மில் பாதிப் பேர் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கன்வேயர் பக்கத்தில் நிற்போம். மீதிப் பேர் சொந்தமாக ஷெட் போடுவோம். அந்த ஷெட்டுக்கு ஒரு நாள் கெடாத அம்பாசிடர் ஒன்று வரும். "சார், இத வெட்ட வேணாம், வேற வழி இருக்கு, நான் பண்ணித் தரேன்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்ல தைரியம் மட்டும் போதாது, வேலையும் தெரிய வேண்டும். கார்புரேட்டரை டியூன் செய்யத் தெரியாதவன்தான் "இன்ஜினையே மாத்திடலாம் சார்" என்பான். ஃபீலர் கேஜ் வைத்து டேப்பெட் சரிசெய்யத் தெரியாதவனுக்குத்தான் பழைய இன்ஜின் எல்லாம் சத்தம் போடும்.

நம் ஊர் சந்துகளில் இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டிப்ளமோ கிடையாது. நமக்கு அந்தக் கை கிடையாது. அடுத்த வருஷம் புராஜெக்ட் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஒரே ஒரு பழைய இன்ஜினை எடுங்கள், அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், கழற்றி, அளந்து, வரைந்து, திரும்ப மாட்டி ஓடவிடுங்கள். அந்த டிராயிங்கை நம் நூலகத்தில் வையுங்கள். மாடல் செய்து தெர்மோகோலில் ஒட்டுவதைவிட அது நூறு மடங்கு உபயோகம்.

கேஸ் கட்டரைப் பற்றவைக்க ஒரு தீக்குச்சி போதும். அதற்கு முன் ஐந்து நிமிஷம் யோசிப்போம்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு