இரத்தத்தில் உள்ளதாம்!

“அது அவர்களுடைய இரத்தத்தில் ஊறியது.” இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எழுந்து போகும் பெரியவர்களை நாம் ஊர்தோறும் காண்கின்றோம். கலியாணப் பேச்சு நடைபெறும் திண்ணையிலே இத்தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பாடசாலை ஆசிரியர் அறையிலே வழங்கப்படுகின்றது. கோவில் நிருவாகக் கூட்டத்திலே வாய்விட்டுச் சொல்லப்படாமலே வழங்கப்படுகின்றது.

இத்தீர்ப்பின் நீதியைச் சற்று உற்று நோக்குங்கள். உயர்ந்த குடி எனப்படுவதிலே பிறந்தவன் களவெடுத்தால், “பாவம், சேர்க்கை சரியில்லை” என்பர். தாழ்ந்த குடி எனப்படுவதிலே பிறந்தவன் களவெடுத்தால், “பிறப்பு அப்படி” என்பர். முன்னவனுடைய பிள்ளை பரீட்சையிற் சித்தியடைந்தால் அது குலத்தின் பெருமை. பின்னவனுடைய பிள்ளை சித்தியடைந்தால் அது விதிவிலக்கு. குற்றம் செய்தால் ஒருவனுக்குச் சூழல், மற்றவனுக்கு இரத்தம்! வெற்றி பெற்றால் ஒருவனுக்கு இரத்தம், மற்றவனுக்கு அதிட்டம்! ஆளுக்கொரு படி வைத்து அளக்கும் இந்த வியாபாரத்தை நீதி என்று எவர் ஏற்பர்?

முன்னொரு காலத்தில் இதே தீர்ப்புக்கு முற்பிறப்பின் வினையைத் துணைக்கு அழைத்தார்கள். அந்த நாணயம் செல்லாதுபோகவே, இப்பொழுது விஞ்ஞானத்தை அழைக்கின்றார்கள். “எல்லாம் மரபணுவிலே எழுதியிருக்கின்றது” என்பது இக்காலத்துச் சாத்திரம். நல்லது. விஞ்ஞானம் இவர்களுடைய சாட்சியானால், அச்சாட்சியைக் கூண்டிலேற்றி நாமும் சில கேள்விகளைக் கேட்போம்.

அதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்கின்றோம். மனிதன் எழுதாத ஏடாகப் பிறக்கின்றான் என்று நாம் வாதிக்கவில்லை. உடலின் அமைப்பும், நோய்களிற் பலவும், திறமைகளிற் சிலவும் பெற்றோர் வழியாக வருகின்றன. இதை மறுக்கப் புறப்பட்டவர்களின் கதையும் நமக்குத் தெரியும். சோவியத் நாட்டிலே லைசென்கோ என்பவரின் கொள்கையை அரசாங்கம் 1948ஆம் ஆண்டிலே சட்டம்போல நிலைநாட்டியது. பரம்பரை விஞ்ஞானம் பாடசாலைகளிலிருந்தும் ஆய்வுகூடங்களிலிருந்தும் துரத்தப்பட்டது. அதற்கு முன்னரே, உலகம் போற்றிய பயிர் விஞ்ஞானி வவிலோவ் 1943ஆம் ஆண்டிற் சிறையிலே உயிர் துறந்தார். இயற்கையின் உண்மையைக் கட்சித் தீர்மானத்தால் மாற்ற முடியாது. ஆனால், உடலிலே பரம்பரை உண்டு என்பது வேறு. சமுதாயத்தில் மேல் கீழ் என்பதைப் பரம்பரை வகுத்தது என்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நம் தலையிற் கட்ட முயல்வதே இங்கு நடைபெறும் மோசடி.

மனிதனின் உயரத்தை எடுத்துக்கொள்வோம். பரம்பரை வழியாக இத்துணை வலுவாக வரும் குணங்கள் மிகச் சிலவே. நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான பிள்ளை என்பதை எவரும் அறிவர். எனினும், 1914ஆம் ஆண்டு தொடக்கம் 2014ஆம் ஆண்டு வரையுள்ள நூறாண்டிலே, தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் 20 சென்ரிமீற்றர் கூடியது. 1945ஆம் ஆண்டிலே பிளவுண்ட அதே கொரியாவின் வடபாகத்திலிருந்து தப்பி வந்தவர்களோ, தெற்கிலுள்ள தம் இனத்தவரிலும் குட்டையாகக் காணப்பட்டனர். நான்கு தலைமுறைக்குள் ஓரினத்தின் இரத்தம் மாறிவிடுமா? இரத்தம் மாறவில்லை, சோறு மாறியது!

கடல் கடந்து போவானேன்? 2016ஆம் ஆண்டிலே நம் நாட்டில் எடுத்த குடிசன சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதிற்கேற்ற வளர்ச்சியற்றவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டப் பகுதிகளிலோ முப்பதுக்கு மேல். “தோட்டத்துப் பிள்ளைகளின் உடல்வாகு அப்படி” என்று கூறுவோரை நாம் கேட்கின்றோம்: அப்பிள்ளையின் தாய் கர்ப்பிணியாயிருந்தபோது மலைச்சரிவிலே கொழுந்துக் கூடை சுமந்ததும் உடல்வாகா? லயக் காம்பராவின் புகையும் ஈரமும் உடல்வாகா? வறுமையைப் பிறப்பின் கணக்கிலே எழுதிவிட்டால், சம்பளத்தைப் பற்றி எவரும் கேட்க வேண்டியதில்லை என்பதன்றோ இதன் சூட்சுமம்!

இரத்தத்தின் பெயரால் ஆட்சி நடாத்தியோர் எங்கே போய் நின்றனர் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். அமெரிக்க நாட்டிலே, அறிவு குன்றியவர்கள் என முத்திரை குத்தப்பட்டோரைப் பலவந்தமாக மலடாக்கும் சட்டத்தை 1927ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. வழக்கின் நாயகி கரி பக் என்னும் ஏழைப் பெண். தாயும் மகளும் அறிவு குன்றியவர்கள். அவள் பெற்ற குழந்தையும் அவ்வாறே என்றனர். அக்குழந்தைக்கு அப்போது வயது ஏழு மாதம்! அக்குழந்தை விவியன் பாடசாலை சென்று, 1931ஆம் ஆண்டிலே சிறப்பு மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். அடுத்த ஆண்டு நோய்வாய்ப்பட்டு இறந்தாள். பட்டியல் வந்தபோது தாய்க்குச் சத்திர சிகிச்சை முடிந்து ஆண்டுகள் மூன்றுக்கு மேலாகியிருந்தன. அந்நாட்டில் இவ்வாறு மலடாக்கப்பட்டோர் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர். 1933ஆம் ஆண்டிலே ஹிட்லரின் ஜேர்மனி இதே வகைச் சட்டத்தை இயற்றி ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை மலடாக்கிற்று. அதன் பின் நடந்ததை உலகம் அறியும்.

இனி, நம் பெரியவர்களுடைய சாட்சியின் வாயிலிருந்தே மிக முக்கியமான ஒரு செய்தியைக் கேட்போம். உயிரியல் மனிதனின் பழக்கவழக்கங்களை உருவாக்குகின்றது என்று மட்டுமே இவர்கள் கற்றிருக்கின்றனர். பழக்கவழக்கங்களும் உயிரியலை உருவாக்கும் என்பதை இவர்கள் கற்கவில்லை. வளர்ந்த மனிதர்களிற் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள வெல்லம் முழுமையாகச் சமிப்பதில்லை. வட ஐரோப்பியரிற் பெரும்பாலோருக்கும், கிழக்காபிரிக்காவின் மேய்ச்சற்குடிகளிற் பலருக்கும் அது சமிக்கின்றது. காரணம் என்ன? அவர்களுடைய மூதாதையர் மாடு வளர்த்துப் பால் அருந்தும் வாழ்க்கையை மேற்கொண்டனர். பல்லாயிரம் ஆண்டுகளில் அவ்வாழ்க்கைக்கு ஏற்ற உடல் பெருகிற்று. உடல் தொழிலை வகுக்கவில்லை. தொழிலே உடலைத் திருத்திற்று!

சாதிக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். ஐதராபாத்து, ஹார்வார்ட் ஆய்வாளர்கள் இந்தியாவின் 73 சமூகக் குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டிலே முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை, அந்நாட்டு மக்கள் பெருமளவிற் கலந்தனர். மேற்குடி, கீழ்க்குடி, வனக்குடி என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லோரும் அக்கலப்பிலே பிறந்தவர்களே. அதன் பின்னரே கலப்பு அருகி, தத்தம் குழுவிற்குள் மட்டும் மணம் முடிக்கும் வழக்கம் இறுகிற்று. இதன் பொருள் யாது? இரத்தம் வேறாயிருந்தமையாற் சாதி பிறக்கவில்லை. சாதி கதவை அடைத்தமையால், ஒன்றாய்க் கலந்திருந்த இரத்தத்திலே சிறு சிறு வேறுபாடுகள் பிற்காலத்தில் உண்டாயின. கலியாணத் தரகர் சாதிக் கணக்கைக் காட்டி, “இயற்கை வகுத்தது” என்று கூறும்போது, மனிதன் கட்டிய மதிலைக் காட்டி மலை என்கின்றார்! நம் சாதி முறையும் அதே பெரு மரத்தின் கிளையன்றோ?

“அப்படியாயின் அவர்களுடைய பிள்ளைகள் படிப்பிற் பின்தங்குவது ஏன்?” இது அவர்களின் கடைசி ஆயுதம். உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களிலே பாடசாலைச் சிறுவர்களுக்குச் சிக்கல் வழிப் படங்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்குமாறு கேட்டனர் ஆய்வாளர் இருவர். 2006ஆம் ஆண்டிலே வெளிவந்த முடிவு இது: எவருடைய சாதியையும் குறிப்பிடாதபோது, மேற்சாதிச் சிறுவர்களும் தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய ஒரே அளவிற் செய்தனர். ஒவ்வொருவனுடைய பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசித்தபோது, தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறமை சட்டெனச் சரிந்தது. மூளை அதே மூளை. இரத்தம் அதே இரத்தம். இடையிலே நுழைந்தது ஒரு குரல்!

அந்தக் குரல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை வாங்கில் இருக்கவிடாது தரையில் இருத்திய பாடசாலைகள் நம்மிடையே இருந்தன. உதவி பெறும் பாடசாலைகளிலே சமமாக இருத்த வேண்டும் என்று 1930ஆம் ஆண்டளவில் உத்தரவு வந்தபோது, பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் நம்மவரே. 1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோவில் வாசலிலே வழிபட வந்தவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். நாம் ஒன்று கேட்கின்றோம். தாழ்வு இரத்தத்திலேயே எழுதப்பட்டதாயின், அதனைக் காக்க நெருப்பு எதற்கு? பூட்டு எதற்கு? தண்ணீர் தாமாகவே பள்ளத்திற்கு ஓடும். அதற்குக் காவற்காரன் வேண்டியதில்லை. காவல் தேவைப்படும் ஒழுங்கு எதுவாயினும் அது இயற்கையின் ஒழுங்கன்று.

இதே நோயின் வேறொரு முகமும் இத்தீவிலே உண்டு. ஆரிய இரத்தம் என்று ஒரு சாரார் மார்தட்டுவர். திராவிட இரத்தம் என்று நம்மிலே சிலர் மறுமொழி கூறுவர். ஆரியம், திராவிடம் என்பன மொழிக் குடும்பங்களுக்கு அறிஞர் இட்ட பெயர்கள். மொழி தாயின் மடியிலே கற்கப்படுவது, நாளத்திலே ஓடுவதன்று. இருநூறு ஆண்டுகளாய்த் தமிழ் பேசாத ஒரு குடும்பத்தின் இரத்தத்தைச் சோதித்து அதிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துவிட முடியுமா? நம் மொழிக்கும் நம் உரிமைக்கும் நாம் வாதாடுவது மனிதர் என்ற நியாயத்தாலேயே; இரத்தத்தின் நியாயம் நமக்கு வேண்டாம். அந்நியாயத்தை ஒரு முறை கையிலெடுத்தால், நம் வீட்டுப் படலையிலேயே அது முதலிற் காவல் நிற்கும்.

ஆகவே, சாட்சி கூறி முடித்துவிட்டது. இயற்கை மனிதனுக்குக் கை கொடுத்தது. அக்கையிலே எழுதுகோலா, மண்வெட்டியா, சங்கிலியா என்பதைத் தீர்மானித்தது சமுதாயம். இது பழி கூறுவதற்குரிய செய்தி மட்டுமன்று, நம்பிக்கைக்குரிய செய்தியுமாகும். இரத்தம் செய்ததை மாற்றப் பல்லாயிரம் ஆண்டுகள் வேண்டும். மனிதர் செய்ததை மனிதரே மாற்றலாம். அதற்கு ஒரு தலைமுறை போதும்.

நம் பெரியவர்களிடம் நாம் வேண்டுவது அதிகமன்று. தோட்டத்துப் பிள்ளையின் எலும்பைப் பற்றிப் பேசுமுன் அதன் தட்டைப் பாருங்கள். பின்வாங்கில் இருக்கும் பிள்ளையின் குலத்தை விசாரிக்குமுன் அப்பிள்ளையை முன்வாங்கில் இருத்துங்கள். மகளுக்கு வரன் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்குமுன், அதன் முதல் வரியிலே நீங்கள் எழுதப்போகும் சொல் எவர் எழுதிய சொல் என்று ஒரு கணம் சிந்தியுங்கள். அதை இயற்கை எழுதவில்லை. நம் பாட்டன்மார் எழுதினார்கள், நாம் அழிக்கலாம்.