உங்க தெரு பூங்கா அமைதியா இருக்கா... பூட்டி இருக்கா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தையைக் கூட்டிக்கிட்டு எங்கே போவீங்க? மால்னு சொன்னா உங்க மேல தப்பில்லை. அங்கே ஏசி இருக்கு, பார்க்கிங் இருக்கு, முக்கியமா டாய்லெட் இருக்கு. தெருமுனைப் பூங்காவில் டாய்லெட் இருந்தாலும் பல இடங்களில் பூட்டித்தான் கிடக்கும்.

சென்னை மயிலாப்பூர் பக்கம் போனா, லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒருமுறை எட்டிப்பாருங்க. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கும் பூங்கா. பிரமாண்டம் எதுவும் கிடையாது. பெரிய மரங்கள், நடைபாதை, குழந்தைகள் விளையாட இடம், ஷட்டில் ஆட ஒரு பக்கம். மைக்கே இல்லாமல் பொடிசுகள் பாடும் ஞாயிறு கச்சேரிகள்கூட இங்கே நடந்திருக்கு. தாத்தாவுக்கு வாக்கிங், பேத்திக்கு ஊஞ்சல், அப்பாவுக்கு பெஞ்ச்னு மூணு தலைமுறையும் ஒரே இடத்துல நிம்மதியா ஒரு மணி நேரம் இருக்கலாம்.

இந்தப் பூங்காவின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம். சிக்கலே இங்கேதான். எல்லா தெருவுக்கும் இப்படி ஒரு ஸ்பான்சர் கிடைக்க மாட்டார். ஊஞ்சல் மாட்டுறது ஒருநாள் செலவு, திறப்பு விழா போட்டோவும் உண்டு. பல்பு மாத்துறதும் டாய்லெட் கழுவுறதும் தினச் செலவு. அதுக்கு யாரும் ரிப்பன் வெட்டுறதில்லை.

விளைவு? கைக்குழந்தையோட வர்ற அம்மா அரை மணி நேரத்துல கிளம்பிடுறாங்க. லைட் எரியலைன்னா இருட்டினதும் பெண்கள் வர்றதில்லை. வீல்சேர் பாட்டியால வாசல் கம்பியைத் தாண்டவே முடியாது. கடைசியில, 'யாருமே வர்றதில்லையே'ன்னு கேட்டைப் பூட்டிடுறாங்க!

புதுப் பூங்காக்களுக்கு இடம் எங்கேன்னு கேட்கலாம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில் கட்டினால், சாலைகள் போக மீதியில் 10% நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்கணும். இதுதான் ஓ.எஸ்.ஆர் நிலம். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி இருக்கு. பணம் கஜானாவுக்குப் போயிடும்; அது மேல குழந்தை சறுக்கி விளையாட முடியாது இல்லையா?

உங்க ஏரியாவில் புதுசா பெரிய அபார்ட்மென்ட் வந்திருந்தா, அதோட ஓ.எஸ்.ஆர் நிலம் எங்கேன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. பூங்கா ஏற்கெனவே இருந்தா, இந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்குப் போங்க. லைட், தண்ணீர், டாய்லெட் மூணும் வேலை செய்யுதான்னு பாருங்க. சென்னைவாசின்னா மாநகராட்சியின் புகார் எண் 1913.