பட்டியைக் கலைத்தால் பர்கூர் மாடு இல்லை

மாண்புமிகு தமிழ்நாடு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

பர்கூர்ச் செம்மறை மாட்டைப் பற்றிய இந்த மடலைக் கால்நடைத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த இனத்தின் பிழைப்பு இப்போது உங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது.

காங்கேயம், உம்பளச்சேரி போல இது சமவெளியில் வளர்ந்த மாடு அல்ல. அந்தியூருக்கு மேலே, பர்கூர் மலையில் லிங்காயத்துகளும் சோளகர்களும் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்ப்பது. பகலெல்லாம் சரிவுகளில் மேய்ந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் முள்ளடைத்த பட்டிக்கு மந்தை வந்து சேரும். செம்பழுப்பு உடம்பெங்கும் வெள்ளைத் திட்டுகள். வேற்றாள் நெருங்கினால் மிரண்டு ஒதுங்கும். பால் சொற்பம்தான். பட்டி எருவைச் சமவெளி விவசாயிகள் வாங்குகிறார்கள். கன்றும் காளையும் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் விலைபோகின்றன. வளர்ப்பவர்களின் வருமானம் இவ்வளவுதான். காட்டுமேய்ச்சல் நின்றால், தீவனம் வாங்கிப் போட்டு இந்த மாட்டை வைத்திருக்க எந்தக் குடும்பத்துக்கும் கட்டுபடியாகாது.

2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2024 தொடக்கத்தில் அந்தியூர், கோபி வட்டங்களின் காடுகள் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயமாயின. மேய்ச்சல் நின்றுவிடுமோ என்ற அச்சம் பட்டிக்காரர்களுக்கு வந்தது இதனால்தான்.

பர்கூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, உறைவிந்து சேமிக்கலாமே என்று உங்களிடம் சொல்வார்கள். இரண்டும் தேவை; ஆனால் அவை மட்டும் போதாது. ஒரு சில காளைகளை நம்பி இனத்தைக் காக்க முடியாது. ஐந்து பொலிகாளைகளும் 500 பசுக்களும் கொண்ட மந்தை, மரபியல் கணக்கில் ஏறத்தாழ 20 மாடுகளுக்குத்தான் சமம். காளைகள் குறையக் குறைய எல்லாக் கன்றும் ஒரே ரத்தமாகிவிடும். வட அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டலுக்குப் பயன்படும் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனக் காளைகள் ஏறக்குறைய எல்லாமே தந்தை வழியில் 1960-களில் பிறந்த இரண்டே காளைகளைச் சேர்ந்தவை. அவற்றில் ஒன்றான 'சீஃப்' சுமந்த மரபணுக் குறையால் உலகெங்கும் சுமார் ஐந்து லட்சம் கருக்கள் கலைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பின்னாளில் கணித்தார்கள். லட்சக்கணக்கில் மாடுகள் உள்ள இனத்துக்கே இந்த நிலை. பர்கூர் மாட்டுக்கோ, பட்டிக்குப் பட்டி வேறு வேறு காளை இருப்பதுதான் காப்பு. மேடேறும் காலும், காய்ந்த புல்லில் தாக்குப்பிடிக்கும் வயிறும் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்ததும் இந்த மேய்ச்சலில்தான். உறைவிந்துக் குச்சியில் அந்தத் தேர்வு நடக்காது.

மாட்டிலிருந்து காட்டெருமைக்குக் கோமாரி தொற்றும் என்ற உங்கள் அதிகாரிகளின் கவலை நியாயமானது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. சரணாலயத்தை ஒட்டிய கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே வழி சொல்கிறது. சரணாலயத்துக்குள் மேய்ச்சலை முறைப்படுத்தவும் அதே சட்டம் அதிகாரம் தருகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே ஏற்கிறது. அதன் கண்ணில் சரணாலயமும் வனநிலமே.

ஆகவே கேட்பது இது: பட்டி இடங்களையும் மேய்ச்சல் எல்லைகளையும் கிராம சபைகளோடு சேர்ந்து பதிவு செய்யுங்கள். வன உரிமைச் சட்டப்படியான மனுக்கள் முடிவாகும்வரை எந்தப் பட்டியையும் கலைக்க வேண்டாம் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். அடுத்த ஆடிச் சந்தைக்கு முன் அந்த உத்தரவு மலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மிக்க மரியாதையுடன்,
நாட்டு மாடுகள்மேல் அக்கறை கொண்ட ஒருவர்